மாம்பலம் ரோட்டுக்குத் தலை எண்ணிய திங்கட்கிழமை

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். எங்கள் மாம்பலம் ரோட்டின் கதை அதேதான். நல்ல ரோடு போட்டால்தான் பஸ் ஓட்டுவேன் என்றார் பஸ் முதலாளி. பஸ்ஸில் ஜனம் போவதைக் கண்ணால் பார்த்தால்தான் ரோட்டுக்குப் பணம் என்றது ரோட்டு இலாகா. நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன். எனக்கு மயிலாப்பூரில் ஒரு வேலை இருந்தது.

வேலை என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அதில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். முப்பது முப்பத்தைந்து வாண்டுகள் ஒரே சமயத்தில் "டீச்சர், இவ என் பல்பத்தைத் தின்னுட்டா!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தல் எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருக்கும். வீட்டில் நான் மாட்டுப்பெண். அங்கே நான் டீச்சர். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அங்கே நடந்தே போயிருப்பேன்.

கல்யாணமான புதிதில் நடந்தேதான் போனேன். அப்போது மயிலாப்பூரிலேயே வாடகைக்கு இருந்தோம். என் மாமனார் பென்ஷன் வாங்கியவுடன் அவருக்குச் சொந்த வீட்டு ஆசை வந்தது. ஏரியைத் தூர்த்து மனை போட்டிருந்த புது மாம்பலத்தில் ஒரு மனை வாங்கி வீடும் கட்டிவிட்டார். ஏரி போய்விட்டது என்ற சேதி தவளைகளுக்கு மட்டும் எட்டவில்லை. ராத்திரியானால் எங்கள் சமையலறை வாசலில் கச்சேரி செய்யும். காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, கொல்லையில் முருங்கை கூட வந்துவிட்டது. மயிலாப்பூருக்குப் போக வழிதான் இல்லை.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே என் மாமியார் சட்டம் போட்டுவிட்டார்.

"பஸ் வரதுன்னு சொல்றா. வந்தா வேலைக்குப் போயிண்டிரு. நான் வேண்டாம்னு சொல்லலை. பஸ் இல்லேன்னா ஆத்தோட இரு. தினம் ஜட்கா வெச்சுண்டு போய், வாங்கற சம்பளத்தைக் குதிரைக்குக் கொள்ளு வாங்கிப் போடறதுக்கு நீ எதுக்குப் போகணும்?"

கணக்கு நியாயமானதுதான். அவர் கணக்கு எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். என் கணவர் கோட்டைப் பக்கம் ஆபீசுக்கு ரயிலில் போகிறவர். "அம்மா சொல்றது சரிதானே" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார்.

பஸ்ஸும் வந்தது. ராயப்பேட்டையில் குதிரை வண்டிகள் வைத்திருந்த ஒரு சாயபு, காலத்துக்கேற்றபடி குதிரைகளை விற்றுவிட்டு ஒரு மோட்டார் பஸ் வாங்கியிருந்தார். மாம்பலத்தில் புறப்பட்டு, மவுண்ட் ரோட்டைக் குறுக்கே தாண்டி, ஆழ்வார்பேட்டை வழியாக லஸ்ஸுக்குப் போகும். காலை எட்டு மணிக்கு முதல் வண்டி. பச்சை வர்ணம், இரண்டு பக்கமும் கித்தான் படுதா, மரப்பலகை ஆசனம். முன்னால் பெண்களுக்கென்று இரண்டு பலகை. அதில் நான் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டால் எனக்கு ராணி என்று நினைப்பு.

ஆனால் வீட்டிலிருந்து மவுண்ட் ரோடு வரை இருந்ததை ரோடு என்று சொன்னால் பாவம் வரும். அது ஏரியின் அடிவயிறு. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், ஒரு தூற்றல் போட்டால் அல்வா. நடுவில் ஒரு பழைய மதகு. ஏரி இருந்த காலத்தில் தண்ணீர் திறந்துவிடக் கட்டியது. அதன் மேல் பஸ் ஏறும்போது எல்லாரும் வாயை மூடிக்கொண்டு சுவாமியை நினைப்போம். இரண்டு தடவை அச்சு முறிந்தது. இரண்டாவது தடவை சாயபு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். மாமனார் குடியிருப்போர் சங்கத்துத் தலைவராயிற்றே.

"பெரியவரே, என்னெத் தப்பா நெனக்காதீங்க. ஐப்பசி மழெக்கு முன்னாடி சரளெ போட்டு மதகெக் கட்டினா வண்டி ஓடும். இல்லேன்னா இந்த லைனெ உட்டுட்டு நான் வேற ரூட்டுக்குப் போயிடுவேன். எனக்கும் புள்ளெ குட்டி கீதுங்க" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட நான் விரல் விட்டு எண்ணினேன். ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதந்தான்.

மாமனார் மனு எழுதுவதில் சூரர். எழுதினார், நாலு பேரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். பதிலும் வந்தது. மோட்டார் வண்டிகளிடம் வசூலாகும் வரியில் ஒரு பங்கை, பஸ் ஓடுகிற ரோடுகளுக்குக் கொடுப்பதென்று அப்போது ஒரு ஏற்பாடு வந்திருந்தது. எங்கள் வட்டாரத்துக்கு வந்த பங்கு ஒரே ஒரு ரோட்டுக்குத்தான் காணும். போட்டிக்கு அடையாற்றுப் பக்கத்தில் ஒரு ரோடு நின்றது. இரண்டில் எதில் அதிக ஜனம் வண்டியில் போய் வருகிறதோ அதற்குப் பணம். ஒரு நாள் முழுக்க ஓர் ஆள் ரோட்டோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தித் தலை எண்ணுவார். அவ்வளவுதான் பரீட்சை.

அடையாற்றில் ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. அதுவும் எந்த நாளில்? ஆடிக் கடைசி வெள்ளியில். திருவான்மியூர்க் கோவிலுக்குப் போகிற கூட்டமெல்லாம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறது. அதிர்ஷ்டம் என்றால் அது. எங்களுக்கு விதித்த நாள் ஆவணியில் ஒரு திங்கட்கிழமை.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று மாம்பலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். எங்கள் பஸ் எட்டு மணிக்கு. போதாக்குறைக்குத் திங்கட்கிழமை கிழக்கே சூலம். மயிலாப்பூர் எங்களுக்கு நேர் கிழக்கு. திங்கட்கிழமை முதல் வண்டியில் எங்கள் காலனியிலிருந்து ஈ காக்காய் ஏறாது. ஆபீஸ்காரர்கள் ஏழரைக்குள் ரயிலைப் பிடித்துவிடுவார்கள். நானும் அன்று ஒரு நாள் மட்டும் சூலத்துக்குப் பரிகாரம் செய்துகொண்டு, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஏழு மணிக்கே ஜட்காவில் போய், பூட்டியிருக்கும் பள்ளிக்கூட வாசலில் காத்துக் கிடப்பேன். பஸ்ஸில் போகிறவர், சாந்தோமிலிருந்து விடியற்காலையில் மீன் கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்பும் ஓர் அம்மாள் மட்டும். மாதா துணை இருக்கும்போது ராகு என்ன, கேது என்ன என்று கால் நீட்டி உட்கார்ந்து போவாராம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கத்துக் கூட்டம். காலனியின் கிழக்குக் கோடியில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், கீற்றுக் கொட்டகையில் சங்கத்துப் படிப்பகம். மாமனார் அங்கே முழங்கினார். வாசலில் பெண்கள் கூட்டத்தோடு நின்று நானும் கேட்டேன்.

"ராகுகாலமாவது, கேதுகாலமாவது! விஞ்ஞான யுகத்தில் இருக்கிறோம். நாளைக் காலை எட்டு மணி வண்டியில் நம் காலனி முழுவதும் ஏற வேண்டும். ஒரு நாள் நாம் மூடநம்பிக்கையை விட்டால் நமக்கு ரோடு வரும். யார் யார் தயார்?"

எல்லாரும் கை தூக்கினார்கள். கைதட்டலில் கீற்று அதிர்ந்தது. எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனால், அங்கே வரிசை நிற்கிறது. காலனியில் பஞ்சாங்க விஷயத்தில் என் மாமியார்தான் ஹைகோர்ட்டு. கூட்டத்தில் கை தூக்கிய கனவான்கள் ஒவ்வொருவராகக் கொல்லைக் கதவருகே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். "மாமி, நாளைக்குச் சூலம் வேற இருக்காமே? நான் நம்பறவன் இல்லை. ஆத்துல கேக்கச் சொன்னா." எல்லாருக்கும் ஆத்தில்தான் கேட்கச் சொன்னார்களாம்! நாலாவதோ ஐந்தாவதோ ஆளாக, மேல்துண்டால் தலையை மூடிக்கொண்டு என் மாமனாரே முருங்கை மரத்தடியில் வந்து நின்றார்.

"ஏண்டி, வாஸ்தவமாவே கிழக்கே சூலமா?"

"உங்களுக்கென்ன வந்தது? நீங்கதான் விஞ்ஞான யுகமாச்சே" என்றார் மாமியார்.

"அதில்லைடி. எல்லாரும் பயப்படறா. நான் தலைவன், எனக்கு ஒரு பொறுப்பு இல்லையா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்தச் சூரர்களை நம்பினால் நாளைக்குக் காலையில் மீன்காரம்மாள் தலை ஒன்றுதான் கணக்கில் ஏறும். ரோடு அடையாற்றுக்குப் போகும், சாயபு வேறு வழி பார்ப்பார், நான் ஐப்பசியிலிருந்து அரைத்துவிட்ட சாம்பாரும் அப்பளமுமாக ஆத்தோடு இருப்பேன். அடுப்படிக்கு வந்து வெறுமனே பாத்திரத்தைத் தேய்த்தேன், தேய்த்ததையே திரும்பத் தேய்த்தேன். மாமியார் என் பின்னால் வந்து நின்றார்.

"அந்தச் சொம்பு என்ன பாவம் பண்ணித்து? ஓட்டை விழப்போறது. கையை அலம்பிண்டு வா. பரஸ்தானம் வெச்சுட்டா தீந்தது."

பரஸ்தானம் என்பதை இப்போது பலர் மறந்திருப்பார்கள். நல்ல வேளையில் கிளம்ப முடியவில்லை என்றால், பிரயாணத்தில் கொண்டுபோகிற ஒரு சாமானை முன்கூட்டி ஒரு நல்ல வேளையில், போகிற திசையில் வேறொருவர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். சாமான் புறப்பட்டால் ஆளே புறப்பட்ட மாதிரி. அப்புறம் ராகுகாலத்தில் வண்டி ஏறினாலும் அது கிளம்பியதாகாது, நடுவழியில் இருப்பதாகத்தான் அர்த்தம். நம் முன்னோர்கள் சட்டம் போடும்போதே சந்தும் வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் ஆறு மணியோடு முடிந்திருந்தது. மாமியார் தீர்ப்புச் சொன்ன அரை மணியில் காலனி முழுவதும் படிப்பகத்துக்குச் சாமான் தூக்கிக்கொண்டு நடந்தது. குடைகள், கைத்தடிகள், வெற்றிலைப் பெட்டி, பொடி டப்பி, கூஜா, ஜமக்காளச் சுருட்டு. புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் பெண்டாட்டிக்கும் சேர்த்து ஒரு ஜோடி செருப்பை வைத்தான். அதை எடுத்து வெளியே போடச் சொன்னார்கள். ஒருவர் எதைக் கொண்டுவருவதென்று தெரியாமல் ஆர்மோனியப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். நாளைக்கு அதையும் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும் என்று யாரோ சொல்ல, மனிதர் முகம் சுண்டிவிட்டது. என் மாமனார் தம் கைத்தடியைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பினார். கைத்தடியைச் செய்தித்தாளில் சுற்றினால் செய்தித்தாளில் சுற்றிய கைத்தடியாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஏழே முக்காலுக்குப் படிப்பகத்து வாசலில் தேர்க்கூட்டம். கிழக்குச் சூலத்துக்குத் தயிர் பரிகாரம். மாமியார் ஒரு கல்சட்டித் தயிரோடு நின்றுகொண்டு, வந்தவர் கையில் எல்லாம் ஒரு கரண்டி விட்டுக்கொண்டிருந்தார். தயிரைக் குடித்துவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு வண்டி ஏற வேண்டியது. பஸ் கண்டக்டர் பிரமித்துப் போய்விட்டான். லஸ்ஸில் பிறந்து வளர்ந்த வாலிபன், வாய் ஓயாது.

"இன்னா நைனா இது, கல்யாண ஊடா? திங்கக்கெழம காலீல இம்மாங் கூட்டமா! ஏறு ஏறு, அந்தப் பொட்டிய மேல போடு. நைனா, அது பாட்டுப் பொட்டியா? அப்ப வாசிச்சிக்கினே வா!"

கடைசியில் மாமியாரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் கால் வைத்தார். மோட்டார் பஸ்ஸில் அவர் ஏறியதே இல்லை. "ஊருக்கெல்லாம் தயிர் குடுத்துட்டு நான் ஏறலேன்னா, மாமி பயந்துட்டான்னு சொல்லுவா" என்று என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மதகைத் தாண்டும் வரை விடவில்லை.

வண்டி திணறத் திணற மதகடிக்கு வந்தது. எல்லாரும் தலையை நன்றாகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தோம், எண்ணுகிறவருக்குச் சௌகரியமாக இருக்கட்டுமென்று. அங்கே ஒரு மேஜை இருந்தது. ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலியின் மேல் ஒரு கறுப்புக் குடை விரித்துக் கட்டியிருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. பக்கத்தில் ஒரு பியூன் மட்டும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"ஐயா எங்கேப்பா?" என்றார் மாமனார்.

"தோ அந்தாண்ட மரத்தடீல குந்திகினு கீறார். ஒம்போது மணிக்கி மேலதான் நோட்டத் தொறப்பார். இப்ப ராகுகாலங்க."

மாமனார் வெடித்தார். "படித்தவன் செய்கிற காரியமா இது? சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு ராகுகாலம் பார்ப்பதா? நாடு எப்படி உருப்படும்?" அவர் மீசையில் தயிர் இன்னும் காயவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் பஸ் முழுக்கச் சிரித்தது. மாமனாரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை தலைகளும் கணக்கில் ஏறாமல் மதகைத் தாண்டிவிட்டன. எட்டரைக்கு லஸ் போய்ச் சேர்ந்தால் ஆண்கள் டிராம் ஏறி ஆபீசுக்குப் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்கு மேல் இந்த ரோட்டில் போகிறவர்கள் யார்? சாயங்காலம் ஆபீஸ்காரர்களில் பாதிப் பேர் ரயிலில் திரும்புவார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஆர அமரத் திரும்பி வரலாமா என்றால், எந்த வேலைக்காக இத்தனை பாடோ அந்த வேலையே போய்விடும்.

லஸ்ஸில் இறங்கினோம். பெண்களில் சிலர், வந்ததுதான் வந்தோம், கபாலியைச் சேவித்துவிட்டு ஒன்பதரை வண்டியில் திரும்பலாம் என்றார்கள். சோமவாரம், அதுவும் சரிதான். ஆர்மோனியக்காரர் அன்றைக்கு லீவு போட்டிருந்தாராம். அவரும் பெட்டியும் திரும்பி வரத் தயார். நான் குடையை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன்.

"நாழியாச்சு, நீ பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றார் மாமியார்.

"நீங்கம்மா?"

"நான் கோவிலுக்குப் போயிட்டு அவாளோட வந்துடறேன். போ, குழந்தைகள் காத்துண்டிருக்கும்."

போனேன். அன்று பாடம் நடத்தினேனா, என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. வாண்டுகள் என்ன கேட்டாலும் சரி சரி என்றேன் போலிருக்கிறது. மத்தியானம் பார்த்தால் வகுப்பில் பாதிக்கு மேல் வெளியே புளியங்காய் அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு மாதம் இந்தச் சத்தத்தைக் கேட்கலாம் என்று நினைத்தேன். அவர்களைக் கூப்பிட்டுத் திட்டக்கூட மனசு வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு லஸ்ஸுக்கு வந்து பச்சை பஸ்ஸில் ஏறினேன். முன் பலகையில் மீன்காரம்மாள் காலிக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், ஜன்னலோரமாக, என் மாமியார். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. முகமெல்லாம் செம்மண் புழுதி. கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்டக்டரைப் பார்த்தேன்.

"இன்னாம்மா அப்டிப் பாக்குற? உன் மாமியாரு ஒம்போதரையிலேர்ந்து வண்டிய உட்டு எறங்கல. போய்க்கினு வந்துக்கினு கீறாங்க. கூட வந்த பொம்பளைங்கள்லாம் ரெண்டு வாட்டி சுத்திட்டு ஊட்டுக்குப் பூட்டாங்க. அந்தப் பாட்டுப் பொட்டிக்காரர் மூணு வாட்டி. இவுங்க மட்டும் நிறுத்தல. மொதலாளி டிக்கெட் வாணாம்னு சொன்னாரு. ஓசிச் சவாரி கணக்குல சேராதுன்னு முடிச்ச அவுத்து எனக்குக் காசு குடுத்தாங்க."

அந்த முடிச்சு எனக்குத் தெரியும். இடுப்பில் செருகியிருக்கும் சிறுவாட்டு முடிச்சு. தீபாவளிக்குக்கூட அது அவிழாது.

"கார்த்தாலேருந்து ஒண்ணும் சாப்பிடலையா?" என்று கேட்டேன். கேட்டது எனக்கே அபத்தமாக இருந்தது. வெளியில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத ஆசாரம் அவருக்கு.

"மத்தியானம் லஸ்ல இவுங்களெப் பாத்துட்டு நானும் தொணெக்கி ஏறிக்கினேன். எளநி வெட்டித் தரேன்னு சொன்னேம்மா, வாணாண்ட்டாங்க" என்றார் மீன்காரம்மாள். "என் கூடெ நாறுமேன்னு தள்ளி ஒக்காரப் போனேன். கையெப் புடிச்சி இஸ்துப் பக்கத்துல ஒக்கார வெச்சிக்கினாங்க. பின்னால போய் ஒளிஞ்சிக்கினா எண்றவருக்கு உன் தலெ தெரியாதுன்னாங்க."

மாமியார் கண்ணைத் திறந்தார். "நிக்காதே, உக்காரு. உனக்கும் சேத்து டிக்கெட் வாங்கிட்டேன்" என்றார். மீன்கூடை பட்டு மடி கெட்டதைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள், "மடியெல்லாம் ஸ்நானம் பண்ணினா வந்துடும். ரோடு வருமோ?" என்றார்.

மதகடியில் பஸ் நின்றது. வெயில் இறங்கியிருந்தது. எண்ணுகிறவர் படியேறி உள்ளே எட்டிப் பார்த்தார். என் கணவர் வயதுதான் இருக்கும், நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது. ஒவ்வொரு தலையாகப் பென்சிலால் சுட்டிக்கொண்டு வந்தவர், மாமியாரிடம் வந்ததும் நின்றுவிட்டார். அன்று பகல் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார்.

"மாமி, மறுபடியும் நீங்களா?"

"ஏண்டாப்பா, வண்டியில போற தலையை எண்ணச் சொல்லியிருக்காளா, இல்லே ஒரு தலை ஒரு தரந்தான் போகணும்னு சொல்லியிருக்காளா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலை. எண்ணிண்டுதான் இருக்கேன். இந்த வயசுல எதுக்கு இவ்வளவு கஷ்டம்? இந்த ரோடு வந்தா உங்களுக்கு எங்கே போகணும்?"

"எனக்கு எங்கேயும் போக வேண்டாம்" என்றார் மாமியார். "என் மாட்டுப்பொண் டீச்சர். அவ போகணும்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. வேலை என்பார்கள், பள்ளிக்கூடம் என்பார்கள். மாமியார் என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அவர் கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார், ஏனென்றால் வண்டி மதகில் ஏறப் போகிறது. நான் அழுதேன். மீன்காரம்மாள் தன் முந்தானையை நீட்டினார். வாங்கித் துடைத்துக்கொண்டேன், கொஞ்சம் வாசனையாகத்தான் இருந்தது.

எண்ணுகிறவர் பென்சிலால் எங்கள் மூவரையும் சுட்டிவிட்டு இறங்கிப் போனார். புரட்டாசியில் சரளை வந்து குவிந்தது, மதகைப் புதிதாகக் கட்டினார்கள், ஐப்பசி மழையில் பச்சை பஸ் ஜம்மென்று ஓடியது. அடையாற்றைவிட எங்களுக்குக் கொஞ்சந்தான் அதிகம் என்று மாமனார் பிற்பாடு விசாரித்து வந்து சொன்னார். தம் பிரசங்கத்தால் வந்தது என்றும் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தோம். டீச்சர் என்றதைப் பற்றி ஏதாவது சொல்வாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு இரண்டு குடம் விட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன பாத்துண்டு நிக்கறே? உலையை வை" என்றார். "பசி உயிர் போறது."